கோதாவும் மெத்தையும்: மல்லர் கோபர் குஹாவின் வரலாறு

சென்னையிலிருந்து வங்கத்துக்கு வரும் இரயில் வண்டிகள் ஹௌராவை நெருங்கும்பொழுது சாந்த்ராகாச்சி நிலையத்தைக் காண்கின்றன. சில வண்டிகள் அங்கேயே நின்றுவிடுவதும் உண்டு. இரயில்வேப் பணியின் பொருட்டுத் தென்னாட்டிலிருந்து வந்து தங்கிய குடும்பங்களுக்கு அவ்வூர் நன்கு அறிமுகமானது. அங்கு வாழும் நாம் குளிர்காலத்தில் ஏரியில் வந்திறங்கும் பறவைக் கூட்டத்தைக் கண்டு மகிழ்கிறோம். விடுமுறை நாட்களில் ஆற்றைக் கடந்து கொல்கத்தா சென்று காளி கோயிலையும் அரும்பொருட் காட்சிச்சாலையையும் பார்த்து வருகிறோம். ஆனால், அந்நகரின் வடபகுதியில் மண் கோதாவில் பயின்று, அமெரிக்காவரை சென்று உலகப் பட்டம் வென்ற வங்காள மல்லர் ஒருவரைப்பற்றி நம்மவருள் அறிந்தோர் சிலரே. அவரே கோபர் குஹா.

அவருடைய வரலாறு மற்போரில் நாட்டமில்லாதவர்க்கும் பயன் தரக்கூடியது. பிறந்த மண்ணில் கற்ற திறமையை, வேற்று மண்ணில் வேற்று விதிகளின் கீழ் எவ்வாறு காத்துக்கொள்வது என்னும் கேள்வி அதில் அடங்கியிருக்கிறது. ஊர் விட்டு ஊர் வந்த நமக்கும் அக்கேள்வி உரியதன்றோ?

யதீந்திர சரண் குஹா என்பது அவருடைய இயற்பெயர். 1892ஆம் ஆண்டு மார்ச்சு 13ஆம் நாள், அந்நாளில் கல்கத்தா என வழங்கிய நகரில் பிறந்தார். பாட்டனார் அம்பிகா சரண் குஹா, மக்கள் வழக்கில் 'அம்பு பாபு', மற்பயிற்சிக்கூடமொன்றைப் பேணி வளர்த்தவர். செல்வக் குடும்பத்துப் பிள்ளைகளும் இடைக்கச்சை கட்டிக் கோதாவில் இறங்குவதை இழிவாகக் கருதாத வீடு அது. வங்காளியில் 'கோபர்' என்றால் சாணம். குழந்தைப் பருவத்தில் உடல் பருத்து மந்தமாக இருந்த பேரனைச் 'சாணி உருண்டை' என்று பாட்டனார் கேலி செய்தார் என்பர். கேலிப் பெயரே பின்னாளில் வீரப் பெயராக நிலைத்துவிட்டது.

வடநாட்டில் 'அகாடா' எனப்படும் பயிற்சிக்கூடத்தின் உயிர்நிலை அதன் மண். மண்ணைக் கிளறிச் சலித்து, எண்ணெயும் மஞ்சளும் கலந்து பதப்படுத்துவர். விடியற்காலையில் தண்டாலும் பஸ்கியும் எடுத்து, கர்லாக்கட்டை சுழற்றி, அதன்பின் இணைகளாக நின்று பிடிபோடுவர். எதிரியின் தோள்கள் இரண்டும் மண்ணில் படும்படி மல்லாத்துவதே வெற்றி. கோபர் பாபு கழுத்துக்கு வலுவூட்டுவதற்காகக் கனத்த கல்வளையம் ஒன்றை அணிந்து நடப்பதுண்டு. சலவைத் தொழிலாளி துணியைக் கல்லில் அறைவதுபோல் எதிரியைத் தோள்மேல் தூக்கி அடிக்கும் 'தோபி பாட்' முதலிய உத்திகளிலும் அவர் தேர்ந்தவர்.

மேனாட்டு முறை இதனின்று வேறுபட்டது. அங்கே போர் மெத்தை விரிப்பின்மேல் நடக்கும். 'கேட்ச்' எனப்பட்ட அம்முறையில், தரையில் கிடந்தவாறே கை கால்களின் மூட்டுகளை முறுக்கி எதிரியைப் பணியவைத்தலும் உண்டு. இவ்வேறுபாட்டின் விளைவை ஒரு சான்றால் விளக்கலாம். 1910ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் லண்டனில் காமா பயில்வான் போலந்து மல்லர் ஸ்பிஸ்கோவுடன் மோதினார். ஸ்பிஸ்கோ பெரும்பாலான நேரம் மெத்தையில் குப்புறக் கிடந்து தற்காத்துக்கொண்டார். இரண்டரை மணி நேரப் போரும் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. அதே இருவர் 1928இல் பட்டியாலாவின் மண் கோதாவில் மீண்டும் சந்தித்தபொழுது, காமா ஒரு நிமிடத்துக்குள் வென்றுவிட்டார். இருவரும் பதினேழு ஆண்டுகளுக்கு மேல் முதிர்ந்திருந்தனர் என்பது உண்மையே. ஆயினும், போர் நடக்கும் இடமும் விதியும் எத்துணை முதன்மையானவை என்பது இதனால் விளங்கும்.

கோபர் பாபு இதனை இளமையிலேயே உணர்ந்தவர். மேனாட்டார் கோதாவுக்கு வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. தாமே மெத்தைக்குச் சென்றார். 1913இல் ஸ்காத்லாந்து சென்று, கிளாஸ்கோவில் ஜிம்மி காம்பெல் என்பாரை வென்றார். எடின்பரோவில் ஜிம்மி எஸ்ஸன் விதியை மீறிப் போரிட்டதால் நடுவர் அவரை விலக்கி, வெற்றியைக் கோபருக்கு அளித்தார். அப்பொழுது நம் மல்லருக்கு வயது இருபத்தொன்று.

முதல் உலகப் போருக்குப் பின் அவர் அமெரிக்கா சென்றார். அங்கே அவருக்கு எதிராக நின்றவர்களுள் குறிப்பிடத்தக்கவர் ஆட் சான்டெல். ஜெர்மனியில் பிறந்த இவர் மூட்டுப் பிடிகளில் வல்லவர். 1916இல் சான் பிரான்சிஸ்கோவில் இட்டோ என்னும் ஜப்பானிய ஜூடோ வீரரை வீழ்த்தி, தாமே ஜூடோவிலும் உலக வீரர் என்று கூறிக்கொண்டார். ஆனால் அதே ஆண்டில் மறுமுறை மோதியபொழுது வெற்றி இட்டோவுடையதாயிற்று. 1921 மார்ச்சில் சான்டெல் தோக்கியோவுக்கே சென்று, யாசுகுனி ஆலய வளாகத்தில் ஜூடோ வீரர்களுடன் பொருதார். 1882இல் கானோ ஜிகோரோ நிறுவிய கோடோகான் கழகம், தன் கலை காட்சிப் பொருளாவதை விரும்பாது, இப்போட்டிகளை ஏற்க மறுத்தது. ஒரு கலையினர் மற்றொரு கலையினருடன் மோதும் இன்றைய கலப்புப் போர் விளையாட்டின் முன்னோடிகளுள் இவற்றையும் எண்ணுவர்.

அதே 1921ஆம் ஆண்டில், சான் பிரான்சிஸ்கோவில், இந்தச் சான்டெலைத்தான் கோபர் குஹா வென்று, லைட் ஹெவிவெயிட் உலகப் பட்டத்தைப் பெற்றார். அமெரிக்காவில் உலக மற்போர்ப் பட்டம் பெற்ற முதல் ஆசியர் என்று அவர் போற்றப்படுகிறார். அந்நாளில் தொழில்முறை மற்போருக்கு அனைவரும் ஏற்ற ஒரே தலைமை அமைப்பு இல்லை. பட்டங்களும் பலவாக இருந்தன. அதனையும் மறவாது மதிப்பிட்டாலும், ஆங்கில ஆட்சியின் கீழிருந்த நாட்டின் மகன் அயலார் அரங்கில், அயலார் விதிப்படி பெற்ற வெற்றி சிறியதன்று. பின்னர் எட் 'ஸ்ட்ராங்லர்' லூயிஸ் முதலிய பெருமல்லர்களுடனும் அவர் மோதினார். கனரக உலகப் பட்டம் கைகூடவில்லை.

ஜப்பானியக் கலையை வங்கமும் வரவேற்றது. இரவீந்திரநாத தாகூர் 1905இல் சானோ என்பாரையும், 1929இல் தகாகாகி என்பாரையும் ஜூடோ பயிற்றுவிக்கச் சாந்திநிகேதனத்துக்கு அழைத்தார். சானோ வங்காளி கற்றுத் தாகூரின் 'கோரா' நாவலை ஜப்பானிய மொழியில் பெயர்த்தார். கற்பிக்க வந்தவர் கற்றுச் சென்றது அழகன்றோ!

இக்கொடுக்கல் வாங்கல் அத்துடன் நிற்கவில்லை. ஜப்பானின் கனரக மல்லர் அந்தோனியோ இனோகி, கேட்ச் முறையைக் கார்ல் காட்சிடம் பயின்றவர். 1976 ஜூனில் தோக்கியோவில் குத்துச்சண்டை வீரர் முகம்மது அலியுடன் பதினைந்து சுற்றுகள் பொருது சமன் செய்தார். அவ்வாண்டு டிசம்பரில் கராச்சியில், காமாவின் தம்பி மகனான அக்ரம் பயில்வானைக் கைப்பிடியால் வீழ்த்தினார். அக்ரம் பணிய மறுத்தார். கையில் பலத்த காயமுற்றார். மன உறுதியில் அவர் குறைந்தவரல்லர். ஆனால் மூட்டுப் பிடிக்கு மாற்று அறியாமல் அவ்வரங்கில் இறங்குவதன் இடர் அன்று புலனாயிற்று. மறுபுறம், ஜப்பானிய மல்லர் நாள்தோறும் நூற்றுக்கணக்கில் எடுக்கும் பஸ்கிக்கு அந்நாட்டில் வழங்கும் பெயர் 'ஹிண்டு ஸ்குவாட்' என்பது. வெல்வோர் பிறரிடமிருந்து கற்கத் தயங்குவதில்லை.

கோபர் பாபு நாடு திரும்பித் தம் கலையைப் பிறர்க்கு வழங்கினார். அவருடைய பயிற்சிக்கூடம் 1936இல் வடகல்கத்தாவின் கோவாபாகான் தெருவுக்கு மாறியது. 'செம்மீன்' மலையாளப் படத்தில் பாடி நம் பக்கத்தாரின் நெஞ்சைக் கவர்ந்த மன்னா தே, இளமையில் அவரிடம் மற்போர் பயின்றவர். 1944இல் போட்டிகளிலிருந்து ஓய்வுபெற்ற கோபர் பாபு, 1972ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள் மறைந்தார்.

மெத்தையின் விதியை அவர் கற்றார். அதற்காகக் கோதாவின் மண்ணை உதறிவிடவில்லை. உலகம் சுற்றிய பின்னும் விடியற்காலையில் இளைஞர்களுக்கு அம்மண்ணிலேயே பாடம் சொன்னார். சாந்த்ராகாச்சியிலும் பிற ஊர்களிலும் வளரும் நம் பிள்ளைகள் வங்காளியும் இந்தியும் திறம்படப் பேசுவது நமக்குப் பெருமையே. அவர்கள் வீட்டில் தமிழும் பேசும்படி பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது.