வேலைக்கு வரும் அக்காவுக்குக் கந்துவட்டிக் கடனா? உங்கள் வீட்டைப் பாதுகாக்க என்ன செய்யலாம்?

காலை எட்டரை மணி. அடுப்பில் குக்கர் விசில் அடிக்கிறது. வாசலில் ஒரு பைக் வந்து நிற்கிறது. வந்தவர் காலிங் பெல்லை அழுத்தவில்லை. கேட்டுக்கு வெளியே நின்றபடி, உங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவின் பெயரைத் தெருவுக்கே கேட்கும்படி கூப்பிடுகிறார். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அக்கா மெதுவாகச் சொல்கிறார்: "நான் வரலைன்னு சொல்லிரும்மா!"

இந்த இடத்தில் நீங்க என்ன செய்வீங்க?

பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் நடக்கும். "நமக்கெதுக்கு வம்பு" என்று அக்காவை வேலையிலிருந்து நிறுத்துவோம். அல்லது பாவப்பட்டு, "நான் பொறுப்பு, நீங்க போங்க" என்போம். இரண்டுமே சிக்கல்தான். வேலையை விட்டு நிறுத்தினால், கடன் கட்ட இருந்த ஒரே வருமானமும் போய்விடும். பொறுப்பேற்றால், அடுத்த வாரம் வாசலில் கூப்பிடப்படுவது உங்கள் பெயராக இருக்கும்.

கடன் எங்கிருந்து வருகிறது?

போடிநாயக்கனூர் பக்கம் இருப்பவர்களுக்கு இது தெரிந்த கதை. விடியும் முன்பே பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் முந்தல் வழியாக போடிமெட்டு ஏறும். ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பு இருக்கும் மாதங்களில் கையில் காசு புழங்கும். கோடையில் வேலை குறையும். ஆனால் பள்ளிக்கூட ஃபீஸ், ஆஸ்பத்திரிச் செலவு, வீட்டு விசேஷம் எதுவும் சீசன் பார்த்து வருவதில்லை. அந்த இடைவெளியில் சிலர் டவுனில் வீட்டு வேலைக்கு வருகிறார்கள். அதுவும் போதாதபோது வட்டிக்காரரிடம் போகிறார்கள்.

கணக்கைப் பாருங்க. 'பத்து வட்டி' என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் பத்து ரூபாய். 20,000 ரூபாய் வாங்கினால் மாதம் 2,000 ரூபாய் வட்டி. பத்து மாதத்தில் வாங்கிய தொகை முழுவதையும் வட்டியாகவே கட்டியிருப்பார். அசல் 20,000 அப்படியே நிற்கும். தண்டலில் பிடித்தம் முதலிலேயே வந்துவிடும். 10,000 என்று எழுதி, கையில் 8,500 கொடுத்து, தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் வசூலிப்பார்கள். "வாங்குனா கட்ட வேண்டியதுதானே?" என்று கேட்பதற்கு முன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்க.

வாசலில் ஆள் நின்றால்...

கேட்டைத் திறக்காதீங்க. வாக்குவாதம் வேண்டாம். "இது என் வீடு. இங்க வந்து கேட்கக் கூடாது. திரும்ப வந்தா போலீஸ்ல சொல்லுவேன்" என்று ஒரே ஒருமுறை தெளிவாகச் சொன்னால் போதும். அக்கா எத்தனை வீட்டில் வேலை பார்க்கிறார், எப்போது போவார், சம்பளம் எவ்வளவு என்ற எந்த விவரத்தையும் கொடுக்காதீங்க. வந்த தேதி, நேரம், வண்டி நம்பரைக் குறித்து வையுங்க. மிரட்டினாலோ, உள்ளே நுழைய முயன்றாலோ 100 அல்லது 112-க்கு அழையுங்க. அத்துமீறி நுழைவதும் மிரட்டுவதும் உங்களுக்கு எதிரான குற்றம். அதற்கு நீங்களே புகார் கொடுக்கலாம், அக்கா கொடுக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

கையெழுத்து, போன், ஆதார்: மூன்றுக்கும் 'நோ'

ஜாமீன் கையெழுத்து போட்டால், கட்டாத கடன் சட்டப்படி உங்கள் தலையில் விழலாம். "சும்மா ஒரு சாட்சிதான்" என்றாலும் படிக்காமல் போடாதீங்க. உங்கள் செக், ஆதார் நகல் எதையும் கொடுக்காதீங்க. உங்கள் போனில் லோன் ஆப் ஏற்றவோ, ஓடிபி வாங்கவோ விடாதீங்க. ரெஃபரன்ஸாக உங்கள் நம்பரைக் கொடுத்திருக்கிறாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்க.

நகை பற்றிய பயம் வருவது இயல்பு. நகையும் பணமும் எப்போதும் பூட்டில் இருக்கட்டும், யார் வேலைக்கு வந்தாலும். கடன் இருக்கிறது என்பதற்காகப் பையைச் சோதிப்பதும், ஜாடையாகப் பேசுவதும் வேண்டாம். கடன்பட்டவர் எல்லாரும் திருடர் இல்லை. சந்தேகப்படுகிறீர்கள் என்று தெரிந்தால், அடுத்த பிரச்னையை உங்களிடம் சொல்லவே மாட்டார். வட்டிக்காரர் உங்கள் வாசலுக்கு வரப்போகிறார் என்பதை முன்கூட்டியே சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர்தான்.

பணம் கொடுத்து உதவலாமா?

முடிந்தால் உதவலாம். ஆனால் வட்டிக்காரர் கையில் நேரடியாகக் கொடுக்காதீங்க. அக்காவிடம் கொடுங்க, தொகையையும் மாதம் எவ்வளவு பிடிப்பீர்கள் என்பதையும் ஒரு நோட்டில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்க. சம்பளம் முழுவதையும் பிடித்தால், அவர் மறுபடி வட்டிக்குத்தான் போவார்.

இன்னொன்று முக்கியம். "என் கடன் தீர்ற வரைக்கும் வேற வீட்டுக்குப் போகக் கூடாது" என்று மட்டும் சொல்லிவிடாதீங்க. முன்பணத்தைக் காட்டி ஒருவரை வேலையில் கட்டிப்போடுவது கொத்தடிமை முறை. அது 1976-ம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம்.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் வசூலுக்கு எதிராக 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. மூன்று ஆண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. அரசு நிர்ணயித்த வட்டியோடு கடன் தொகையை நீதிமன்றத்தில் செலுத்தி, கடன் தீர்ந்ததாகப் பதிவு செய்யக் கோரவும் இதில் வழி இருக்கிறது. 2025-ல் வந்த புதிய சட்டம், கடன் நிறுவனங்கள் கடனாளியின் வீட்டுக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ திரும்பத் திரும்ப வந்து தொல்லை கொடுப்பதையும் தடுக்கிறது. அக்கா வேலை செய்யும் இடம் உங்கள் வீடுதான்!

குழு லோன் என்றால், ரிசர்வ் வங்கி விதிப்படி காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்குத் தொந்தரவு செய்யக் கூடாது. வங்கி, நிதி நிறுவனங்கள் மீதான புகாருக்கு 14448.

சட்டம் இருந்தால் மட்டும் போதாது என்பதையும் பார்த்துவிட்டோம். 2017 அக்டோபர் 23-ல் நெல்லை கலெக்டர் அலுவலக வளாகத்தில் ஒரு கூலித் தொழிலாளி, மனைவி, இரண்டு பெண் குழந்தைகள் என ஒரு குடும்பமே தீயில் கருகியது. கந்துவட்டி பற்றி அவர்கள் ஏற்கெனவே மனு கொடுத்திருந்தார்கள். மனுவோடு அவர்களைத் தனியாக விடக் கூடாது என்பதுதான் நமக்கான பாடம்.

கூட ஒரு நாள் போங்க

கூட்டம் இல்லாத நேரத்தில், பிள்ளைகள் முன்னால் இல்லாமல், "அக்கா, யார்ட்ட எவ்வளவு வாங்குனீங்க? இதுவரைக்கும் எவ்வளவு கட்டியிருக்கீங்க?" என்று கேளுங்க. சொல்லச் சொல்ல எழுதுங்க. ஏடிஎம் கார்டு, ரேஷன் கார்டு, எழுதாத செக் எதையாவது வட்டிக்காரர் வாங்கி வைத்திருக்கிறாரா என்பதையும் கேளுங்க. அந்த ஒரு தாள்தான் புகாருக்கு அடிப்படை.

போலீஸ் ஸ்டேஷனிலோ, திங்கள்கிழமை தேனி கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலோ புகார் கொடுக்கலாம். சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச வக்கீல் உதவி உண்டு. மனசு உடைந்து பேசினால், தாமதிக்காமல் 104-க்கோ 14416-க்கோ போன் போட்டுக் கொடுங்க. வீட்டுப் பணியாளர் நல வாரியத்தில் அவர் பெயரைப் பதிந்துவிட்டால், பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை கிடைக்கும். அடுத்த ஜூனில் ஃபீஸுக்காக வட்டிக்காரர் வீட்டுப் படி ஏறத் தேவையிருக்காது.

இதற்கெல்லாம் உங்களுக்கு ஆகப்போவது ஒரு நாள் லீவு. நாளைக்குக் காலையில் அந்த பைக் திரும்ப வந்தால், அக்கா அடுப்படியில் ஒளிய வேண்டாம். நீங்களும் பொய் சொல்ல வேண்டாம். "புகார் கொடுத்தாச்சு" என்று கேட்டுக்கு உள்ளே நின்றே சொல்லலாம்.