காசு கொடுத்தால் வைர வாள்!

குழந்தைகள் விளையாடுகிற இடத்தில் கடை போட்டால் என்ன ஆகும்?

தகராறுதான் ஆகும்! 2014-ம் ஆண்டு அப்படி ஒரு தகராறு மூண்டது. பல நாட்டுப் பிள்ளைகளும் பெற்றோர்களும் அதில் சிக்கினார்கள். கடைசியில் ஒரு பெரிய கம்பெனியே கை மாறியது.

விளையாட்டின் பெயர் "மைன்கிராப்ட்". கம்ப்யூட்டரில் ஆடும் ஆட்டம். சுவீடன் நாட்டைச் சேர்ந்த மார்க்கஸ் பெர்சன் என்பவர் 2009-ம் ஆண்டு இதை வெளியிட்டார். கல் கல்லாக அடுக்கி வீடு கட்டலாம். மரம் வெட்டலாம். பூமியைத் தோண்டலாம். 2023-ம் ஆண்டுக்குள் 30 கோடி பிரதிகளுக்கு மேல் விற்றுவிட்டது. அடேயப்பா!

26 வைரம்

அன்றைக்கு இந்த ஆட்டத்தில் வைரத்தை மிஞ்சிய ஆயுதம் கிடையாது. ஆனால் வைரம் சும்மா கிடைக்குமா? பூமிக்கு அடியில், வெகு ஆழத்தில் இருக்கிறது. முதலில் மரத்தில் ஒரு பிக்காசு செய்ய வேண்டும். அதை வைத்துக் கல்லை வெட்டி, கல் பிக்காசு செய்ய வேண்டும். அதைக் கொண்டு இரும்பைத் தோண்டி எடுத்து, உருக்கி, இரும்புப் பிக்காசு செய்ய வேண்டும். அதற்குப் பிறகுதான் வைரத்தில் கை வைக்க முடியும்.

வழியில் நெருப்புக் குழம்பு ஓடும். அதில் விழுந்தால் போச்சு! கையில் இருந்ததெல்லாம் எரிந்து போகும்.

ஒரு வாளுக்கு 2 வைரம் வேண்டும். தலை முதல் கால் வரை கவசம் செய்ய 24 வைரம் வேண்டும். ஆக, 26 வைரம். பள்ளிக்கூடம் போய் வந்து, வீட்டுப் பாடம் எழுதிவிட்டு உட்காரும் பையனுக்கு இது லேசான காரியம் இல்லை.

நன்கொடையா? விற்பனையா?

இந்த ஆட்டத்தைப் பலர் சேர்ந்தும் ஆடலாம். அதற்குப் பொதுவான ஒரு இடம் வேண்டும். "சர்வர்" என்று அதைச் சொல்கிறார்கள். இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர் அது. எந்த ஊரில் இருக்கும் பிள்ளையும் தன் வீட்டில் இருந்தபடியே அதற்குள் போய் ஆடலாம். இந்தச் சர்வரை யார் வேண்டுமானாலும் நடத்தலாம். ஆர்வம் உள்ள கல்லூரி மாணவர்கள்கூட நடத்துவது உண்டு.

நடத்துவதற்குச் செலவு ஆகிறது. வாடகை, மின்சாரம், வேண்டும் என்றே சர்வரை முடக்க வரும் விஷமிகளிடம் இருந்து காவல், எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். ஆகவே, "நன்கொடை கொடுங்கள்" என்று கேட்டார்கள். அதில் ஒன்றும் தப்பு இல்லை.

கொடுத்தவரின் பெயருக்கு முன்னால் ஒரு பட்டம் போட்டார்கள். அதுவும் போகட்டும். ஆனால் பல இடங்களில் காரியம் அத்தோடு நிற்கவில்லை. இவ்வளவு கொடுத்தால் வைர வாள். இன்னும் கொடுத்தால் பறக்கும் சக்தி. அதற்கு மேலும் கொடுத்தால், செத்தாலும் கைப்பொருள் போகாத சலுகை! விலைப் பட்டியலே போட்டுவிட்டார்கள். பட்டியலின் தலைப்பு மட்டும் "நன்கொடை"! (விலை போட்டு வாங்கும் பணத்துக்கு நன்கொடை என்று பெயர் வைத்தவர் கெட்டிக்காரர்தான்.)

இரண்டு பையன்கள் அங்கே மோதுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் பத்து நாள் தோண்டி வைரம் சேர்த்தவன். மற்றவன் அப்பாவின் வங்கி அட்டையைக் கொண்டு ஐந்து நிமிடத்தில் வாளும் கவசமும் வாங்கியவன். இவன் செத்தால் எல்லாம் அங்கேயே சிதறிவிடும். அவன் செத்தால் மறுபடி எழுந்து, அதே வாளோடு வருவான். இது என்ன ஆட்டம்? அழுகுணி ஆட்டம்!

அப்பாவுக்கு வந்த பில்

பிள்ளைகளாவது சண்டை போட்டுக்கொண்டு மறந்துவிடுவார்கள். பெற்றோர்கள் மறப்பார்களா? வங்கிக் கணக்கைப் பார்த்துத் திடுக்கிட்டார்கள். "என் பிள்ளை 100 டாலர் செலவு செய்துவிட்டான். திருப்பிக் கொடுங்கள்" என்று மைன்கிராப்ட் கம்பெனிக்குக் கடிதம் மேல் கடிதம் வந்ததாகப் பெர்சனே எழுதினார்.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பணத்தில் ஒரு காசுகூடக் கம்பெனிக்கு வரவில்லை. எல்லாம் யாரோ ஒரு சர்வர்காரரின் பைக்குப் போயிருந்தது.

2014-ம் ஆண்டு ஜூன் மாதம் கம்பெனி தன் விதியை விளக்கி அறிவித்தது. சர்வருக்குள் வர நுழைவுக் கட்டணம் வாங்கலாம்; ஆனால் எல்லோருக்கும் ஒரே கட்டணம். நன்கொடை வாங்கலாம், ஆனால் அதற்குப் பதிலாக ஆட்டத்தில் சலுகை தரக் கூடாது. தொப்பி, கூட வரும் நாய்க்குட்டி போன்ற அலங்காரங்களை விற்கலாம். வாள் விற்கக் கூடாது. ஆகஸ்ட் 1-ந் தேதிக்குள் எல்லோரும் திருந்த வேண்டும்.

சர்வர்காரர்கள் கொதித்தார்கள். "காசு இல்லாத பிள்ளைகள் இங்கே இலவசமாக ஆடுகிறார்கள். அது, காசு உள்ளவர்கள் கொடுக்கும் பணத்தில்தானே? அதை நிறுத்தினால் கதவை மூட வேண்டியதுதான்" என்றார்கள்.

இதைத் தள்ளிவிட முடியாது. வாடகை கட்டியாக வேண்டும். பத்துப் பேர் கொடுத்து நூறு பேர் ஆடுவதும் உண்மை. ஆனால் மீதித் தொண்ணூறு பேரும் சும்மா ஆடவில்லையே! அவர்கள்தான் அடிபடுகிறார்கள். அடிபட ஆள் இல்லாவிட்டால், அந்த வாளை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்?

250 கோடி டாலர்!

வசவு முழுவதும் பெர்சன் தலையில் விழுந்தது. அவர் மனம் நொந்துவிட்டார். "நல்லது செய்யப் போய்த் திட்டு வாங்குகிறேன். கம்பெனியில் என் பங்கை யாராவது வாங்கிக்கொள்கிறீர்களா?" என்ற கருத்தில் அதே ஜூன் மாதம் பகிரங்கமாக எழுதினார். வேடிக்கைக்கு எழுதினாரோ, என்னவோ! செப்டம்பர் மாதம் அமெரிக்காவின் மைக்ரோசாப்ட், கம்பெனியையே வாங்குவதாக அறிவித்தது. விலை 250 கோடி டாலர். பெர்சன் விலகிக்கொண்டார்.

புது முதலாளியும் விதியை விடவில்லை. 2016-ம் ஆண்டு, விதியை மீறும் சர்வருக்குள் ஆட்டக்காரர்கள் போகவே முடியாதபடி தடுக்கும் ஏற்பாடு வந்தது. அதற்குப் பிறகும் ஒளித்து மறைத்து விற்பவர்கள் இருக்கவே செய்தார்கள்.

தொப்பி விற்பது மட்டும் நியாயமா என்று கேட்பவர்களும் உண்டு. பளபளக்கும் தொப்பியைப் பார்த்து அடுத்த பிள்ளை ஏங்காதா? ஏங்கும். ஆனால் தொப்பி யாரையும் வெட்டுவது இல்லை. அதை வாங்கிய பையனும், வைரம் வேண்டுமானால் பிக்காசைத் தூக்கிக்கொண்டு மற்றவர்களோடு கீழே இறங்க வேண்டியதுதான். நெருப்புக் குழம்பில் விழுந்தால் தொப்பி காப்பாற்றாது.