சின்னக் கல்யாணத்துக்குப் போட்டோ எடுத்தேன்

"ரிஜிஸ்டர் கல்யாணத்துக்கு எதுக்குப் போட்டோ? அஞ்சு நிமிஷத்துல கையெழுத்துப் போட்டுட்டு வரப் போறாங்க!"

எங்கள் வீட்டுக்காரர் இப்படிக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. காரணம், எங்கள் சித்தி.

சித்திக்கும் சித்தப்பாவுக்கும் 1986-ல் ரிஜிஸ்டர் கல்யாணம். வேறு வேறு சாதி. நோட்டீஸ் கொடுத்துவிட்டு முப்பது நாள் காத்திருக்க வேண்டும் இல்லையா? ஆபீஸ் பலகையில் ஒட்டியிருந்த அந்த நோட்டீஸை யாரோ பார்த்துவிட்டு வந்து தாத்தாவிடம் சொல்லிவிட்டார்கள். அப்புறம் வீட்டில் நடந்ததை எழுதி என்ன ஆகப்போகிறது! கல்யாணத்தன்று எங்கள் பக்கத்திலிருந்து ஒருவரும் போகவில்லை. சித்தப்பாவோடு வேலை பார்த்த மூன்று பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். ஸ்டூடியோவுக்குப் போனால் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும் என்று படமும் எடுத்துக்கொள்ளவில்லை. சித்தி வீட்டு ஹாலில் மாட்டியிருப்பது, என் தங்கை பிறந்த மூன்றாம் மாதம் எடுத்த படம்தான். "உங்க கல்யாண போட்டோ எங்கேம்மா?" என்று அவள் சின்ன வயசில் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனாள்.

அந்தத் தங்கைக்குத்தான் போன தை மாதம் கல்யாணம். அதுவும் ரிஜிஸ்டர் கல்யாணமே. மாப்பிள்ளை வேறு மதம். சித்தியும் சித்தப்பாவும் மறு பேச்சில்லாமல் சம்மதித்துவிட்டார்கள். பிள்ளை வீட்டில்தான் அவர் அப்பா பிடிகொடுக்கவில்லை. மொத்தம் பதினோரு பேர் போவதாக ஏற்பாடு.

"அக்கா, நீயே உன் போன்ல எடுத்துடு. யாரோ வந்து 'சிரிங்க, சிரிங்க'ன்னு சொன்னா எனக்குச் சிரிப்பே வராது" என்று சொல்லிவிட்டாள் தங்கை. நானோ கோலத்தையும் குழந்தைகளையும் எடுத்துப் பழகியவள், அவ்வளவுதான்!

அவள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. 2003-ல் என் கல்யாணத்தில், வீடியோ லைட் வெளிச்சத்தில் கண்ணைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். தாலி கட்டுகிற நேரத்தில் எங்கம்மா பார்த்ததெல்லாம் போட்டோகிராபரின் முதுகைத்தான். இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

முதலில் நான் செய்த காரியம், ஒரு வாரம் முன்னாடியே தங்கையோடு அந்த ஆபீசுக்குப் போய்ப் பார்த்ததுதான். அரசாங்க ஆபீசில் நம் இஷ்டத்துக்கு காமிராவைத் தூக்கக் கூடாது, கேட்டுத்தான் எடுக்க வேண்டும். அந்த அதிகாரி நல்ல மனுஷர். "தாராளமா எடுங்கம்மா. மத்த ஜனங்க முகமும், மேஜை மேல இருக்கிற பத்திரங்களும் விழாம பாத்துக்குங்க" என்றார். இதை நாமும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மேஜையில் ஆதார் அட்டை கிடக்கும், அதன் நம்பர் படத்தில் தெளிவாக விழுந்துவிடும். ஆசையாக நாலு பேருக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிட்டுப் பிறகு முழிக்கக் கூடாது.

வெளிச்சத்தையும் பார்த்துக்கொண்டேன். அதிகாரியின் மேஜைக்குப் பின்னால் பெரிய ஜன்னல். அதைப் பார்த்து எடுத்தால் எல்லார் முகமும் கரியாகிவிடும். பக்கவாட்டில், பீரோ ஓரமாக நின்றால் அதே ஜன்னல் வெளிச்சம் முகத்தில் பதமாக விழுந்தது. என் இடம் அதுதான் என்று அன்றைக்கே முடிவு பண்ணிக்கொண்டேன். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். பெயிண்ட் அடித்த சுவரில் பட்டுப் பளீரென்று அடிக்கும், வேலை பார்ப்பவர்களுக்கும் தொந்தரவு.

அன்றைக்கு அதிகாரியிடம் இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். ரிஜிஸ்டர் கல்யாணம் என்று நாம் இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். கோயிலிலோ மண்டபத்திலோ தாலி கட்டிவிட்டு அப்புறம் போய்ப் பதிவு செய்வது ஒன்று. அதிகாரி முன்னாலேயே கல்யாணம் செய்துகொள்வது இன்னொன்று. இது 1954-ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டப்படி நடப்பது. இதில் தாலி, மாலை, மோதிரம் எதுவும் கட்டாயமில்லை. வேண்டியவர்கள் வேண்டிய முறையில் செய்துகொள்ளலாம். ஆனால் அதிகாரியும் மூன்று சாட்சிகளும் கேட்க, 'இன்னாராகிய நான் இன்னாரைச் சட்டப்படி என் மனைவியாக ஏற்கிறேன்' என்று அவரும், கணவனாக ஏற்கிறேன் என்று இவளும், தங்களுக்குப் புரிகிற ஏதாவது ஒரு பாஷையில் வாய்விட்டுச் சொல்லியே ஆகவேண்டும். அதைச் சொன்னால்தான் கல்யாணம்!

அதுவரை நான் மாலை மாற்றுவதைத்தான் முக்கியமான படம் என்று நினைத்திருந்தேன். பேச்சை எப்படிப் படம் எடுப்பது? வீட்டில் என் பெரியவனையும் சின்னவளையும் எதிரெதிரே நிற்கவைத்துப் பேசச் சொல்லி எடுத்துப் பார்த்தேன். பேசுகிறவர் வாய் பாதி திறந்து, கண் பாதி மூடி, கோணலாக விழுந்தது. கேட்டுக்கொண்டிருந்தவர் முகமோ அவ்வளவு அழகு! சரி, அவர் சொல்லும்போது இவளையும், இவள் சொல்லும்போது அவரையும் எடுப்பது என்று தீர்மானித்தேன்.

கல்யாணத்தன்று காலையில் போனில் இருந்த பழைய வீடியோவையெல்லாம் அழித்து இடம் பண்ணிக்கொண்டேன். முந்தானையால் லென்ஸைத் துடைத்தேன். நம் போனில் எண்ணெய்க் கையும் மாவுக் கையும் படாத நாள் உண்டா? அதைத் துடைக்காததால்தான் பாதிப் படம் மங்கலாகிறது.

முதலில் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்து. எழுதுகிறவருக்கு இடப்பக்கம் நின்றால் கை மறைக்காமல் பேனா முனையும் முகமும் தெரியும் என்று கணக்குப் போட்டு நின்றேன். மாப்பிள்ளை படம் அருமையாக வந்தது. அடுத்து தங்கை குனிந்தாள். முழங்கைதான் தெரிகிறது! அவள் இடதுகைக்காரி. கைக்குழந்தையிலிருந்து தூக்கி வளர்த்தவள் நான், அந்த நேரம் பார்த்து மறந்தே போச்சு. நல்ல வேளையாக, கல்யாணம் முடிந்ததும் சான்றிதழ்ப் புத்தகத்தில் மறுபடி எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். அப்போது வலப்பக்கம் போய் நின்று கொண்டேன்.

அவர் அந்த வாக்கியத்தைச் சொன்னபோது தங்கையின் முகத்தையே பார்த்திருந்தேன். பட்டனை விடாமல் அழுத்திப் பிடித்ததில் பதினைந்து படம் விழுந்தது. ஒன்றில் கூட அவள் சிரிக்கவில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்தவர்கள் யாரும் 'ஏன் சிரிக்கலை?' என்று கேட்கவில்லை. ஆபீசுக்குள்ளே மின்விசிறி கரகரவென்று சுற்ற, பக்கத்து மேஜையில் யாரோ வில்லங்கச் சான்றிதழுக்குக் காத்திருக்க, நடுவில் அந்த முகம்.

வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் மாலை மாற்றினார்கள். மரநிழலில் முகத்தில் திட்டுத் திட்டாக வெயில் விழும், நிழல் முழுசாக இருக்கும் இடமாகப் பார்த்து நிறுத்த வேண்டும். மற்றபடி அங்கே நான் ஒன்றும் சொல்லவில்லை, அவர்களாகவே சிரித்தார்கள்.

அப்போதுதான் ஆட்டோவில் ஓர் அம்மாள் தனியாக வந்து இறங்கினார். மாப்பிள்ளையின் அம்மா. மாப்பிள்ளை ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். யாராயிருந்தாலும் காமிராவைத் தூக்கத் தோன்றுகிற காட்சிதான். நான் போனைக் கீழே இறக்கிவிட்டேன். அந்த அம்மாள் நேரே என்னிடம் வந்து, "எல்லாம் எடுத்துக்கம்மா. என் முகம் மட்டும் எதுலயும் வர வேண்டாம். நான் கடைத்தெருவுக்குப் போறதா சொல்லிட்டு வந்திருக்கேன்" என்றார். குரல் நடுங்கியது.

"உங்களைக் கேக்காம எடுக்க மாட்டேம்மா" என்றேன்.

கையோடு ஒரு முழம் மல்லிகை கொண்டுவந்திருந்தார். தங்கையைத் திருப்பி நிறுத்தி, தலையில் வைத்துவிட்டார். "கை மட்டும் எடுக்கட்டுமா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எடு" என்றார். கிட்டே போய் எடுத்தேன். பின்னல், மல்லிகை, கண்ணாடி வளையல் போட்ட இரண்டு கைகள். வேறு ஒன்றும் தெரியாது. அவரிடமே காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதை போனுக்கு அனுப்பிடாதே. காகிதத்துல போட்டுக் குடு" என்றார். பத்து நிமிஷம்கூட இருக்கவில்லை, அதே ஆட்டோவில் போய்விட்டார்.

கிளம்புகிற நேரத்தில் சித்தி மெதுவாக என் பக்கத்தில் வந்து, "எங்க ரெண்டு பேரையும் அந்தப் படிக்கட்டுல வச்சு ஒண்ணு எடுடி" என்றார். சித்தப்பாவுக்கு ஒரே கூச்சம். தங்கை தன் மாலையைக் கழற்றிப் போட வந்தாள், சித்தி வேண்டாம் என்று தடுத்துவிட்டார். "நாங்க அன்னைக்கு மாலை போட்டுக்கலை. அப்படியே எடு" என்றார். எடுத்தேன்.

மொத்தம் நூற்றுச் சொச்சம் படம். அதிலே இருபத்திநாலைத் தேர்ந்தெடுத்து ஸ்டூடியோவில் கொடுத்து, கையடக்க ஆல்பமாகப் போட்டோம். போனிலேயே விட்டுவைத்தால் போன் கெட்டால் எல்லாம் போச்சு! எங்கள் வீட்டுக்காரர்தான் முதலில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டினார். படிக்கட்டுப் படம் இப்போது சித்தி வீட்டு ஹாலில், குழந்தைப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது.

அந்தக் கைகளின் படத்தை மட்டும் இரண்டு காப்பி போட்டேன். ஒன்று ஆல்பத்தில். இன்னொன்றை, புடவை மடிப்புக்குள் வைக்கத் தோதான சின்ன அளவில் போட்டு, மாப்பிள்ளை கையில் கொடுத்தனுப்பினேன்.