வெயில் ஊருக்குப் பயணமா? முகச் சிகிச்சைக்கு நாள் குறிக்கும் முன் படியுங்கள்

பேரப்பிள்ளைகளுக்கு ஜூன் மாதத்தில் நான்கு வாரப் பள்ளி விடுமுறை. நம் குடும்பங்களில் பல பயணங்கள் அதை ஒட்டியே அமைகின்றன. தமிழ்நாட்டில் வைகாசி மாதத் திருமணம், குலதெய்வக் கோயில் வழிபாடு, லங்காவியிலோ பாலியிலோ கடற்கரை விடுமுறை என்று ஏதாவது ஒன்று இருக்கும். விமானச் சீட்டு வாங்கியதும், “போவதற்குள் கன்னத்தில் உள்ள இந்தக் கறுப்பு மருக்களை எடுத்துவிடலாமே” என்ற எண்ணம் பலருக்கு வருகிறது. திருமண வீட்டில் எல்லாரும் படம் எடுப்பார்கள். நன்றாகத் தெரிய வேண்டும் என்று நினைப்பதற்கு வயது ஒரு தடையல்ல.

ஆனால் சிகிச்சைக்கும் வெயிலுக்கும் இடையே போதிய நாட்கள் இல்லாவிட்டால், எடுத்த மருவைவிடப் பெரிய கருந்திட்டோடு வீடு திரும்ப நேரிடலாம். அது மறையப் பல மாதங்கள் ஆகும். ஆகவே பயணத் தேதியை முதலில் எழுதி வைத்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணிச் சிகிச்சைக்கு நாள் பாருங்கள்.

நம் தோல் ஏன் எளிதில் கறுக்கிறது?

கொசு கடித்த இடமும் தாளிக்கும்போது எண்ணெய் தெறித்த இடமும், ஆறிய பிறகும் நெடுநாள் கறுப்பாகவே நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நம் தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்ற நிறமி. அது வெயிலிலிருந்து ஓரளவு பாதுகாப்பும் தருகிறது. ஆனால் தோலில் காயமோ அழற்சியோ ஏற்பட்டால், மாநிறத்தாருக்கும் கருநிறத்தாருக்கும் நிறமிச் செல்கள் அளவுக்கு மீறி மெலனினைச் சுரந்துவிடுகின்றன.

லேசர் சிகிச்சை, அமிலம் தடவி மேல்தோலை உரிக்கும் ‘பீல்’ சிகிச்சை, மின்சூட்டால் மருவைச் சுட்டு எடுப்பது ஆகிய எல்லாமே தோலுக்குக் காயம்தான். மருத்துவர் அளவறிந்து ஏற்படுத்தும் காயம் என்பது மட்டுமே வேறுபாடு. பொருக்கு உதிர்ந்தபின் வெளிவரும் புதுத் தோல் மெல்லியது. அதன்மேல் கடும் வெயில் பட்டால் நிறமிச் செல்கள் மேலும் தூண்டப்பட்டு, அந்த இடம் கறுத்துவிடுகிறது.

வெயிலில் அலைந்து திரும்பிய உடனே சிகிச்சை செய்வதும் நல்லதல்ல. இதைப் பலர் அறிந்திருப்பதில்லை. நிறத்தைக் குறிவைக்கும் லேசர் ஒளி, மெலனின் எங்கே இருக்கிறதோ அங்கே போய்ச் சேரும். வெயிலில் கறுத்த தோலில் மேற்பரப்பு முழுவதும் மெலனின் மிகுந்திருக்கும். அப்போது லேசரின் சூடு புள்ளியில் மட்டும் இறங்காமல் சுற்றியுள்ள தோலையும் சுடக்கூடும். கொப்புளம் வரலாம், சில இடங்களில் நிறமே போய் வெளுத்தும் விடலாம்.

எத்தனை வாரம் முன்னதாக?

மூத்தவர்களின் கன்னத்திலும் கண்ணோரத்திலும் வரும் சிறு கறுப்பு மருக்களைச் சுட்டு எடுத்தால், பொருக்கு உதிர ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை ஆகும். அதன்பின் அந்த இடம் சில வாரங்களுக்கு இளஞ்சிவப்பாகவோ சற்றுக் கருமையாகவோ இருக்கும். இதற்கும், நிறத் திட்டுகளுக்கான லேசருக்கும், முகவாயில் வளரும் முடியை நீக்கும் லேசருக்கும் குறைந்தது நான்கு வார இடைவெளி வேண்டும். ஆறு வாரம் இருந்தால் மனநிம்மதியோடு கிளம்பலாம்.

ஓர் எடுத்துக்காட்டு. நீங்கள் ஜூன் 7ஆம் தேதி விமானம் ஏறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நான்கு வாரம் பின்னோக்கி எண்ணினால் மே 10, ஆறு வாரம் என்றால் ஏப்ரல் 26. நம் நிறத் தோலுக்கு முதலில் காதோரம் போன்ற ஒரு சிறிய இடத்தில் சோதித்துப் பார்த்து, சில வாரம் கழித்தே முகம் முழுவதும் லேசர் செய்யும் மருத்துவர்கள் உண்டு. ஆகவே மார்ச் மாதத்திலேயே மருத்துவரைப் பார்ப்பது நல்லது. ஜூன் 21ஆம் தேதி திரும்புகிறீர்கள் என்றால், அடுத்த லேசர் சிகிச்சையை ஜூலை 19 வரையாவது தள்ளிப்போடுங்கள். அப்போதும் வெயில் கருமை முழுவதும் மறையவில்லையெனில் இன்னும் காத்திருங்கள்.

மேலோட்டமான பீல் சிகிச்சையில் தோல் மூன்று முதல் ஏழு நாட்களில் உரிந்து முடியும். இரண்டு வாரம் போதும் என்று சிலர் சொல்வார்கள். வெயில் ஊருக்குப் போகிறவர் அதற்கும் நான்கு வாரம் விடுவதே நல்லது என்பது எங்கள் கருத்து. தோலின் ஆழத்துக்குச் செல்லும் பீலும், மேல்தோலையே நீக்கிப் புதுப்பிக்கும் வலுவான லேசரும் வேறு கணக்கு. அவற்றின் சிவப்பு அடங்கவே பல வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். பயணத்திற்கு மூன்று மாதத்திற்குள் அவற்றை நினைத்துப் பார்க்க வேண்டாம்.

சுருக்கத்திற்குப் போடும் போடாக்ஸ் ஊசிக்கும், குழி விழுந்த இடத்தை நிரப்பும் ஃபில்லர் ஊசிக்கும் வெயில் பெரிய எதிரியல்ல. இங்கே கவலை வீக்கமும் இரத்தக்கட்டும்தான். போடாக்ஸின் முழுப் பலன் தெரிய இரண்டு வாரம் வரை ஆகும். ஃபில்லர் ஊசியின் வீக்கம் வடியவும் ஏறக்குறைய அவ்வளவு நாள் தேவை. அரிதாக, ஃபில்லர் போட்ட பிறகு தோல் வெளிறிக் கடுமையாக வலிப்பதுண்டு, பார்வை மங்குவதும் உண்டு. இவற்றுக்கு ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் அவசரச் சிகிச்சை தேவை. அந்த நேரத்தில் நீங்கள் விமானத்தில் இருக்கக்கூடாது அல்லவா?

நாள் போதவில்லை என்றால், சிகிச்சையைத் திரும்பி வந்தபின் வைத்துக்கொள்ளுங்கள். மருக்கள் எங்கும் போய்விடாது.

ஊரில் செலவு குறைவு என்று அங்கேயே செய்துகொள்பவர்களும் இருக்கிறார்கள். திறமையான தோல் மருத்துவர்கள் அங்கும் உண்டு. ஆனால் மே, ஜூன் வெயிலில் புதுத் தோலோடு உறவினர் வீடு வீடாகப் போக வேண்டியிருக்கும். புண் ஆறாவிட்டால் சிகிச்சை செய்தவரை மறுபடி பார்க்க வழியும் இராது.

மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை

பயணத் தேதியோடு, நீங்கள் சாப்பிடும் மருந்துகளின் பட்டியலையும் கொண்டு செல்லுங்கள். உயர் இரத்த அழுத்தத்திற்குத் தரப்படும் ஹைட்ரோகுளோரோதையசைட் என்ற நீர் மாத்திரை, இதயத் துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன், நுண்ணுயிர்க்கொல்லியான டாக்ஸிசைக்ளின் போன்றவை தோலை வெயிலுக்கு எளிதில் எரியச் செய்பவை. மலேரியா உள்ள பகுதிக்குச் செல்பவர்களுக்கும் டாக்ஸிசைக்ளின் தரப்படுவதுண்டு. ஆஸ்பிரின், வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு ஊசி போட்ட இடத்தில் இரத்தக்கட்டு அதிகமாகலாம். எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். முகம் பளிச்சென்று இருப்பதற்காக இதய மருந்தை நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

நீரிழிவு இருந்தால் புண் ஆறத் தாமதமாகலாம். காயம்பட்ட இடம் தடித்து வளரும் கீலாய்டுத் தழும்பு உங்களுக்கு ஏற்பட்டதுண்டா, உதட்டோரம் அடிக்கடி நீர்க்கொப்புளம் வருமா என்பதையும் சொல்லுங்கள். பீலும் லேசரும் வெயிலும் அந்தக் கொப்புளத்தைத் தூண்டக்கூடியவை. முன்கூட்டியே மருந்து கொடுத்தால் தடுக்கலாம்.

நீக்க நினைக்கும் புள்ளி உண்மையிலேயே சாதாரணப் புள்ளிதானா என்பதை முதலில் மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். அண்மையில் தோன்றிய, வளர்கிற, நிறம் மாறுகிற, அரித்து இரத்தம் கசிகிற, ஆறாத புண்ணாக நிற்கிற எதையும் லேசரால் அழித்துவிடக்கூடாது. நம்மவர்களுக்குத் தோல் புற்றுநோய் குறைவுதான், ஆனால் வராது என்றில்லை. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் தோன்றும் கரும்புள்ளிகளையும் கோடுகளையும் குறிப்பாகக் கவனியுங்கள்.

சிகிச்சைக்குப் பின் வெளியே செல்லும்போது

நாம் வாழும் சிங்கப்பூரும் வெயில் ஊர்தான். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், நண்பகலில் புற ஊதாக் கதிர் குறியீடு இங்கே 11ஐத் தாண்டுவதும் உண்டு. குறியீடு 3ஐ எட்டினாலே பாதுகாப்பு தேவை. காலை 7 மணி முதல் இரவு 7 மணி வரை தேசியச் சுற்றுப்புற வாரியம் இந்த அளவை மணிக்கொரு முறை வெளியிடுகிறது. கைப்பேசியில் பார்த்துச் சொல்லப் பேரப்பிள்ளையைக் கேளுங்கள்.

குளிர்ந்த ஊர் என்றால் கவலையில்லை என்று எண்ண வேண்டாம். உயரம் 1,000 மீட்டர் கூடும்போது புற ஊதாக் கதிரின் வலிமை ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுகிறது. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேல் இருக்கிறது. சால்வை போர்த்திக்கொண்டு நடந்தாலும் முகம் வெயிலில் எரியும். கடற்கரையில் மணலும் நுரையும் கதிரைத் திருப்பி அனுப்புவதால், குடைக்குக் கீழே அமர்ந்திருந்தாலும் ஓரளவு பட்டுக்கொண்டே இருக்கும். காரின் பக்கக் கண்ணாடி வழியாகவும் ஒருவகைப் புற ஊதாக் கதிர் உள்ளே வரும். திருச்சியிலிருந்து மதுரைக்கு வேனில் போகும்போது வெயில் படாத பக்கமாக உட்காருங்கள்.

எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேற்பட்ட, இரு வகைப் புற ஊதாக் கதிர்களையும் தடுக்கும் சன்ஸ்கிரீன் வாங்குங்கள். முகத்திற்கும் கழுத்திற்கும் ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்திற்குப் பிதுக்கிய அளவு தேவை. பொட்டு வைப்பது போல் தொட்டு வைத்தால் பயனில்லை. வெளியில் இருக்கும்போது இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறையும், வியர்வையைத் துடைத்த பிறகும் மீண்டும் தடவுங்கள். மங்கு உள்ளவர்களுக்கு, இரும்பு ஆக்ஸைடு கலந்த நிறமுள்ள சன்ஸ்கிரீன் கூடுதல் பலன் தரும். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் நம் தோலைக் கறுக்கச் செய்யும், அதையும் அது ஓரளவு தடுக்கிறது. உம்ரா செல்பவர்கள் வாசனை சேர்க்காத வகையைக் கேட்டு வாங்கலாம். பழனியிலோ திருப்பதியிலோ முடி காணிக்கை செலுத்துபவர்கள் தலையையும் மறக்க வேண்டாம். வெயிலே படாத தோல் அது, துணியால் மூடிக்கொள்ளுங்கள்.

களிம்பு எதுவாயினும் குடைக்கும் நிழலுக்கும் ஈடாகாது. காலை 10 முதல் மாலை 4 மணி வரை முடிந்தவரை உள்ளே இருங்கள். கோயிலுக்கு விடிகாலையில் போய் வாருங்கள், கூட்டமும் குறைவாக இருக்கும்.

திருமண வீட்டில் இன்னொரு சங்கடம் உண்டு. நலங்கின்போது உறவினர்கள் அன்போடு உங்கள் கன்னத்திலும் மஞ்சளையும் சந்தனத்தையும் பூச வருவார்கள். சிகிச்சை செய்த இடம் முழுவதும் ஆறாமல் இருந்தால், கையில் பூசிவிடச் சொல்லுங்கள். கருமை போக எலுமிச்சைச் சாறு தேய்க்கச் சொல்பவர்களும் இருப்பார்கள். அதை எப்போதும் செய்ய வேண்டாம். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் தீக்காயம் போல் கொப்பளித்து, கருந்தழும்பு விழும்.

சந்தையிலும் இணையத்திலும் விற்கும் சிவப்பழகுக் களிம்புகளிலும் எச்சரிக்கை தேவை. இப்படிப்பட்ட சில களிம்புகளில் பாதரசமும், மருத்துவர் மேற்பார்வையின்றிப் பயன்படுத்தக்கூடாத ஸ்டீராய்டும் ஹைட்ரோகுயினோனும் கலந்திருந்ததைச் சுகாதார அறிவியல் ஆணையம் கண்டறிந்து எச்சரித்துள்ளது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், ஸ்டீராய்டு தோலை மெலியச் செய்யும். மருத்துவர் எழுதிக் கொடுத்த ரெட்டினாய்டு களிம்பாக இருந்தாலும், பயணத்திற்குச் சற்று முன்பு புதிதாகத் தொடங்க வேண்டாம். முதல் சில வாரங்களில் தோல் காய்ந்து உரியும்.

யாரைக் கேட்பது?

முதலில் உங்கள் குடும்ப மருத்துவரையோ பலதுறை மருந்தகத்தையோ நாடுங்கள். சந்தேகத்திற்குரிய புள்ளி இருந்தால், தேசிய தோல் நிலையத்திற்குப் பரிந்துரைக் கடிதம் தருவார்கள். முக ஊசிகளை மருத்துவர் மட்டுமே போடலாம். அழகு நிலையத்தில் யாராவது போட முன்வந்தால் மறுத்துவிடுங்கள். அழகுக்காகச் செய்யும் சிகிச்சைக்கு மெடிசேவ் பணத்தைப் பயன்படுத்த முடியாது என்பதால், மொத்தச் செலவு எவ்வளவு, எத்தனை முறை வர வேண்டும் என்பதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்கே பணம் கட்டினால் தள்ளுபடி என்றாலும் அவசரப்பட வேண்டாம். பயணத் தேதியைச் சொல்லி, நாள் போதுமா என்று கேட்டபின் முடிவு செய்யுங்கள்.

பயணத்தின்போது சிகிச்சை செய்த இடத்தில் வலி கூடினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, ஊர் திரும்பும்வரை காத்திராமல் அங்குள்ள மருத்துவரைப் பாருங்கள். என்ன சிகிச்சை, எந்த நாளில் செய்தது, என்ன மருந்து தந்தார்கள் என்ற விவரத்தைக் கிளம்பும் முன் மருந்தகத்தில் எழுதி வாங்கி, கடப்பிதழோடு வைத்துக்கொள்ளுங்கள்.