பரப்பளவு மட்டும் போதுமா? நாயுடுபேட்டை எழுப்பும் கேள்வி

புது தில்லி: நாட்டின் வனப்பரப்பு கூடியதா, குறைந்ததா என்ற விவாதம் இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் அறிக்கை வெளியாகும் ஒவ்வொரு முறையும் தலைநகரில் எழுகிறது. 2024 டிசம்பரில் வெளியான 2023-ஆம் ஆண்டு அறிக்கையின்படி வனப்பரப்பு 7,15,343 சதுர கிலோமீட்டர். அதாவது நாட்டின் பரப்பில் 21.76 சதவீதம். ஆனால், அந்தப் பசுமை எப்படிப் பரவிக் கிடக்கிறது என்பதை இந்த ஒற்றை எண் கூறுவதில்லை.

குறைந்தது ஒரு ஹெக்டேர் பரப்பும், 10 சதவீத மர அடர்த்தியும் இருந்தாலே அந்த நிலம் வனப்பரப்பாகக் கணக்கிடப்படுகிறது. நிலம் யாருடையது, மரம் எவ்வகை என்பன பார்க்கப்படுவதில்லை. மாந்தோப்பும் தைலமரத் தோப்பும்கூட இக்கணக்கில் சேரும்.

இக்குறையைப் போக்க உதவுவது "அண்டைப்பகுதி அளவீடு" என்னும் முறை. செயற்கைக்கோள் படத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் நடுவில் வைத்து, அதைச் சூழ்ந்த கட்டங்களில் எத்தனை வனம், எத்தனை வயல், எத்தனை கட்டடம் என்று எண்ணுகின்றனர். பத்துக்குப் பத்து என ஒரே திட்டாக உள்ள 100 ஹெக்டேர் காட்டை எடுத்துக்கொள்வோம். அதில் 64 ஹெக்டேருக்கு எட்டுத் திசையிலும் காடே அண்டை. அதே 100 ஹெக்டேர் தனித்தனித் துண்டுகளாகச் சிதறினால், அவ்வாறு சூழப்பட்ட ஹெக்டேர் ஒன்றுகூட இராது. பரப்பளவு மாறவில்லை; காடு மட்டும் காணாமல் போய்விடுகிறது.

ஆந்திர மாநிலம் நாயுடுபேட்டை வட்டாரம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. நெல்லூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2022 ஏப்ரலில் உருவான திருப்பதி மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது. சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலை, சுவர்ணமுகி ஆறு, ஏரிப்பாசன வயல்கள், மேனகூரு தொழிற்பேட்டை ஆகிய அனைத்தும் இங்கு அடுத்தடுத்து அமைந்துள்ளன. தெற்கே, தொரவாரிசத்திரம் அருகே, சுமார் 459 ஹெக்டேரில் நேலப்பட்டு பறவைகள் சரணாலயம் உள்ளது. அங்கு கூடு கட்டும் கூழைக்கடாக்கள் இரை தேடிப் பழவேற்காடு ஏரிக்குச் செல்கின்றன. சரணாலய எல்லை அப்படியே இருந்தாலும், இடையிலுள்ள ஏரிகளும் வயல்களும் மனைகளாகிவிட்டால் பறவைகளுக்கு வாழ்வில்லை.

அண்டைப்பகுதியின் முக்கியத்துவத்தை நீதிமன்றமும் உணர்ந்துள்ளது. தேசியப் பூங்காக்கள், சரணாலயங்களைச் சுற்றிக் குறைந்தது ஒரு கிலோமீட்டர் சூழல் காப்பு மண்டலம் தேவை என 2022 ஜூன் 3-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எல்லா இடத்துக்கும் ஒரே அளவு பொருந்தாது, அங்கு வாழும் மக்கள் பாதிக்கப்படுவர் என்ற முறையீட்டை ஏற்று, 2023 ஏப்ரலில் அதைத் தளர்த்தியது. எவ்வளவு தூரம் என்பதை இடத்துக்கு இடம் முடிவு செய்வதற்கு, இத்தகைய அளவீடே நேர்மையான அடிப்படையாக இருக்க முடியும்.

இதற்குத் தேவையான தரவுகளுக்குப் பஞ்சமில்லை. நாட்டின் நிலப்பயன்பாட்டை 2005-06, 2011-12, 2015-16 ஆகிய ஆண்டுகளுக்கு ஹைதராபாதில் உள்ள தேசியத் தொலை உணர்வு மையம் வரைபடமாக்கியுள்ளது. அதற்கு உதவிய ரிசோர்ஸ்சாட் செயற்கைக்கோள்கள் விண்ணில் ஏவப்பட்டதும் நாயுடுபேட்டைக்கு அருகிலுள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான்.

தொழில் வளர்ச்சி வேண்டாம் என்று எவரும் கூறவில்லை. ஆனால், எத்தனை ஹெக்டேர் என்று கேட்கும் அரசு, அதன் அண்டையில் என்ன இருக்கிறது என்றும் கேட்க வேண்டும். அடுத்த வன அறிக்கையிலாவது இக்கேள்விக்கு மாவட்டவாரியாக விடை கிடைக்குமா?