சூரியத் துகள் கொணர்ந்த பேழை

மஸ்கெலியா வழியாக நல்லதண்ணியை அடைந்து, இரவெல்லாம் படியேறி, 2,243 மீற்றர் உயரச் சிவனொளிபாத மலைச் சிகரத்தில் சூரியோதயத்தைத் தரிசிக்கும் யாத்திரிகர்களுக்கு, அக்கதிரவன் ஒளியோடு தன் தேகத்தின் துகள்களையும் இடையறாது வீசிக்கொண்டிருப்பது புலனாவதில்லை.

சூரியக் காற்று எனப்படும் அத்துகள்களைச் சேகரிக்கும்பொருட்டு நாசா 2001 ஆகஸ்ட் 8 அன்று அனுப்பிய ஜெனிசிஸ் என்னும் ஆளில்லா விண்கலம், பூமியிலிருந்து சுமார் 15 இலட்சம் கிலோமீற்றர் தூரத்தில், சிலிக்கன், பொன், நீலக்கல் முதலியவற்றாலான தகடுகளை விரித்து, இரண்டு வருஷங்களுக்கு மேல் காத்திருந்தது. (நீலக்கல் என்றதும் நம் இரத்தினபுரி நினைவுக்கு வரலாம், இதுவோ ஆய்வுக்கூடத்தில் வளர்த்தது.)

2004 செப்டம்பர் 8 அன்று அத்தகடுகளுடன் திரும்பிய அதன் பேழை, வேகக்குறைவை உணரும் சிறு கருவிகள் தலைகீழாகப் பொருத்தப்பட்டிருந்தமையால் பாராசூட் விரியாது, யூட்டா பாலைவனத்தில் வீழ்ந்து பிளந்தது. எனினும், பொறுக்கியெடுத்த துண்டுகளை விஞ்ஞானிகள் சுத்திகரித்து ஆராய்ந்து, சூரியனிலுள்ள பிராணவாயுவின் சமதானி (ஐசோடோப்பு) விகிதம் பூமியினதின்றும் வேறானது என 2011இல் நிறுவினர்.

செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி திட்ட இயக்குநராயிருந்த இந்தியாவின் ஆதித்யா எல்1 விண்கலம், 2024 ஜனவரி முதல், ஜெனிசிஸ் காத்திருந்த அதே பிரதேசத்தினின்று சூரியனை அவதானிக்கிறது, மாதிரி கொணர்வதில்லை.

அன்பர்களே, சூரியனை வெறுங்கண்ணால் உற்று நோக்காதிருப்பீர்களாக.