செஞ்சிக் கோட்டையிலிருந்து தேவனாம்பட்டினம் வரை

செஞ்சிக்குக் கல்விச் சுற்றுலா வரும் மாணவர்கள் ராஜகிரியில் ஏறுகின்றனர். கல்யாண மகாலையும் களஞ்சியத்தையும் பார்த்துத் திரும்புகின்றனர். 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இக்கோட்டைக்கும் கடற்கரைக்கும் உள்ள தொடர்பையும் அவர்களுக்குக் காட்டலாம்.

1677இல் சிவாஜி செஞ்சியைக் கைப்பற்றினார். அவருடைய மகன் இராஜாராம் இங்கிருந்து ஆண்டபோது, 1690இல் முகலாயப் படை கோட்டையை முற்றுகையிட்டது. அதே ஆண்டில் மராத்தியர், கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றனர். அதுவே புனித டேவிட் கோட்டை. அங்கிருந்து பீரங்கியால் சுட்டு, குண்டு விழுந்த தொலைவு வரையுள்ள ஊர்கள் கம்பெனிக்கு உரியவை என எல்லை வகுத்தனர். அவை ‘குண்டு கிராமங்கள்’ எனப்பட்டன. 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தபோது, கம்பெனியின் தலைமையிடம் இக்கோட்டைக்கு மாறியது.

சுற்றுலாவுக்கு முன் தமிழ்நாட்டு வரைபடத்தில் செஞ்சியையும் கடலூரையும் மாணவர்கள் குறிக்கட்டும். தொடக்க வகுப்பில், ‘ஓர் ஊரின் எல்லையை எப்படியெல்லாம் அளக்கலாம்?’ என்று கேளுங்கள். உயர்நிலை வகுப்பில், ‘முற்றுகைக் காலத்தில் ஓர் அரசு கடற்கரைக் கோட்டையை ஏன் விற்கும்? குண்டு விழுந்த ஊர்களின் மக்களுக்கு அதில் என்ன பங்கு இருந்தது?’ என்று விவாதிக்கச் செய்யுங்கள். மன்னர்களின் பெயர்களோடு நின்றுவிடாமல், அவர்களின் முடிவுகளால் வாழ்க்கை மாறிய மக்களையும் மாணவர்கள் எண்ணிப் பார்ப்பார்கள்.